முதுகைத் தொட்ட கை மூளையைத் தொட்ட கதை

முதுகுவலி என்று கருத்தரங்கில் தலைப்பு வைத்தாலே போதும், கேட்க வந்தவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். ஆனால், சுளுக்கு வழிப்பவரிடம் போய் வந்தால் இரண்டு நாளைக்கு நன்றாக இருக்கிறதே, அது எப்படி?" இதற்கு விடை தேடிப் போனால், அது நம்மை முதுகெலும்பில் தொடங்கி மூளைக்கே கொண்டு போய்விடுகிறது. கருத்தரங்கில் நான் பேசியதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

தோட்டத்து முதுகுகள்

குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய். ஜொகூரின் இந்தப் பெயர்களைச் சொன்னாலே நம்மில் பலருக்குத் தோட்டம் நினைவுக்கு வரும். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நிரையில் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டி, காண்டா கம்பின் இரு பக்கமும் வாளி தொங்க நடந்த தலைமுறை நம்முடையது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குலை தூக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

அந்த முதுகுகளுக்குக் கைதான் வைத்தியம். தைலம் தேய்த்துவிடுவார்கள்; குப்புறப் படுத்துக்கொண்டு பேரப்பிள்ளையை ஏறி மிதிக்கச் சொல்வார்கள்; சுளுக்கு வழிக்கத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவராவது இருப்பார். பக்கத்துக் கம்பத்தில் மலாய்க்காரர்களுக்கு உரூட் இருந்தது, சீனர்களுக்குத் துய்னா இருந்தது. நமது சித்த மருத்துவமோ இதற்குத் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என 9 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது.

ஆனால் ஒரு கொடுமையும் உடன் இருந்தது. காயம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வலியை நம்புவார்கள். காயம் இல்லாமல் "முதுகு வலிக்குது" என்றவருக்குச் சோம்பேறி, நடிக்கிறார் என்ற பட்டம்தான் கிடைத்தது. அந்தப் பட்டம் சரியா என்பதுதான் இன்று நாம் பார்க்கப் போவது.

எலும்பு நகர்ந்ததா?

முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் முயற்சி மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல், நோயாளியை ஏணியில் கட்டிக் குலுக்கும் முறையை விவரிக்கிறது. கூட்டத்தை வாய்பிளக்க வைக்கவே சிலர் இதைச் செய்கிறார்கள் என்று அந்த நூலே கண்டிக்கவும் செய்கிறது!

அமெரிக்காவில் 1874ஆம் ஆண்டு ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் ஆஸ்டியோபதியை அறிவித்தார். 1895ஆம் ஆண்டு ஐயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர், காது மந்தமாகிப்போன ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்றார். அங்கிருந்து பிறந்ததுதான் கைரோபிராக்டிக். "எலும்பு இடம் மாறி நரம்பை நெருக்குகிறது, அதைத் தள்ளி வைத்தால் நோய் போகும்" என்பது பால்மரின் விளக்கம். நம் ஊரில் சுளுக்கு வழிப்பவர் சொல்லும் விளக்கமும் ஏறக்குறைய இதுவேதான்.

கை பட்டதும் 'டக்' என்று சத்தம் கேட்கிறதே, எலும்பு இடத்தில் போய் விழுந்த சத்தமா அது? இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறையும்போது வாயுக் குமிழ் உண்டாவதோடு தொடர்புடைய சத்தம் அது. 1998ஆம் ஆண்டு டுல்பர்க் குழுவினர் இடுப்பு மூட்டு ஒன்றைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நுட்பமாக அளந்து பார்த்தனர். எலும்பின் நிலை மாறவே இல்லை. ஆக, எலும்பு நகரவில்லை. அப்படியானால் வலி எப்படிக் குறைகிறது?

வலிக்கும் ஒரு கதவு

1965ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டனர். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு கதவு இருக்கிறது. தொடுதல், தேய்த்தல் போன்ற உணர்ச்சிகள் அந்தக் கதவைச் சாத்தலாம். மேலே இருந்து மூளையும் சாத்தலாம், திறக்கலாம். இடித்துக்கொண்ட காலை நாம் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதற்கு அறிவியல் தந்த விளக்கம் இது. இந்தக் கருத்து பிறகு பல திருத்தங்களைக் கண்டது. ஆனாலும் வலி ஆய்வின் திசையையே மாற்றியது.

அதன் பிறகு வந்த செய்திகள் இன்னும் வியப்பானவை. 1997ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹெர்ட்டா ஃபுளோர் குழுவினர், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களின் மூளையில் முதுகுக்கான பகுதி விரிந்து இடம் மாறியிருப்பதைக் கண்டனர். 2004ஆம் ஆண்டு அப்காரியன் குழுவினர் 26 நோயாளிகளின் மூளையைப் படம் எடுத்தனர். வலி இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, மூளையின் சாம்பல்நிறப் பகுதி 5 முதல் 11 விழுக்காடு வரை குறைந்திருந்தது. 10 முதல் 20 ஆண்டு வயது கூடினால் ஏற்படும் குறைவுக்கு அது சமம். 2008ஆம் ஆண்டு லொரிமர் மோஸ்லி, நோயாளிகள் சிலரிடம் தங்கள் முதுகு எப்படி இருப்பதாக உணர்கிறார்களோ அப்படியே வரையச் சொன்னார். வலிக்கும் பகுதி வந்ததும் அவர்களால் கோட்டை முழுமையாக வரைய முடியவில்லை!

புரிகிறதா, வாசகர்களே? எக்ஸ்ரேயில் தெரியாத வலியின் தடம் மூளையில் தெரிந்தது. சோம்பேறி என்று பேர் வாங்கிய அம்மாவின் வலி பொய்யல்ல.

கை செய்வது என்ன?

2007ஆம் ஆண்டு நியூசிலாந்து ஆய்வாளர் ஹைடி ஹாவிக், மர்ஃபியுடன் சேர்ந்து, கழுத்தெலும்புச் சிகிச்சைக்குப் பின் மூளையின் மின் அலைகளை அளந்தார். உணர்ச்சிச் செய்திகளை மூளை கையாளும் விதம் சுமார் 20 நிமிடம் மாறியிருந்தது. ஆக, கை அனுப்பும் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் அந்த மாற்றம் குறுகிய நேரமே.

சுருங்கிய மூளை மீளுமா? 2011ஆம் ஆண்டு கனடாவில் செமினோவிக்ஸ் குழுவினர், சிகிச்சையால் வலி குறைந்தவர்களுக்கு 6 மாதத்தில் மூளையின் ஒரு பகுதி மீண்டும் தடித்ததைக் கண்டனர். அவர்கள் பெற்றது அறுவைச் சிகிச்சை அல்லது ஊசி, கைச்சிகிச்சை அல்ல. ஆனாலும் அது நம்பிக்கை தரும் செய்திதான். கைச்சிகிச்சையைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டு வெளியான 47 ஆய்வுகளின் தொகுப்பு, மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் தரும் அளவு பலனை இதுவும் தருகிறது என்றது. அதாவது, பலன் உண்டு; அற்புதம் இல்லை.

ஜொகூர் பாருவில் திறந்த கதவு

நம் நாட்டு அரசாங்கமும் இதைப் புறக்கணிக்கவில்லை. 2007ஆம் ஆண்டு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவு தொடங்கியது. அடுத்து புத்ராஜெயாவிலும், 2008ஆம் ஆண்டு நமது ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலும் தொடங்கியது. நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கும் பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கும், மருத்துவரின் பரிந்துரையின் பேரில், மலாய் உரூட்டும் அக்குபங்சரும் இப்பிரிவுகள் வழி கிடைத்தன. கம்பத்துக் கையும் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பும் ஒரே கூரையின் கீழ் வந்தது சின்ன விஷயமா?

2016ஆம் ஆண்டின் 775ஆவது சட்டம் மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்களோடு ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் என 7 துறைகளை அங்கீகரித்துப் பதிவு முறைக்குள் கொண்டுவந்தது.

வீட்டில் பேச வேண்டியது

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டு கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர். 2023ஆம் ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மன ஆலோசனை ஆகியவற்றோடு முதுகெலும்புக் கைச்சிகிச்சையையும் மசாஜையும் சேர்த்திருக்கிறது. கை கதவைத் திறந்துவிடும். அந்த நேரத்தில் எழுந்து நடந்து, உடம்பை அசைத்துப் பழகுவது நம் பொறுப்பு. அசைவு ஆபத்தில்லை என்று மூளை கற்றுக்கொள்வது அப்போதுதான்.

எச்சரிக்கையும் வேண்டும். காலில் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாமை, காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, விழுந்தபின் வந்த வலி - இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்தைச் சடக்கென்று திருப்புவதால், அரிதாக என்றாலும், இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. எலும்பு தேய்ந்த முதியவர்களின் முதுகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். போகும் இடத்தில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வீட்டில் அம்மாவோ அப்பாவோ "முதுகு வலிக்குது" என்றால், எக்ஸ்ரேயைக் கேட்பதற்கு முன் அவர்களை நம்புங்கள். நம்பினால்தான் வைத்தியம் தொடங்கும்.