மருந்து சென்ற வழி

கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிய மாருதப்புரவீகவல்லி குதிரைமுகம் நீங்கப் பெற்றாள் என்பது யாழ்ப்பாணத்தார் வழிவழியாகக் கூறிவரும் கதை. அக்கதை நோயைக் கூறும், நலத்தையும் கூறும், இடையே உடலினுள் நிகழ்ந்ததைக் கூறாது. கீரிமலை ஊற்றும் அத்தகையதே. நிலத்தில் வீழ்ந்த மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடே சென்று கடலோரத்தில் சுரக்கின்றது. இடைவழி கண்ணுக்குப் புலனாவதில்லை. நெடுங்காலம் மருந்தின் வழியும் இவ்வாறே மறைந்திருந்தது. அதனைப் புலப்படுத்திய வரலாற்றில் இரும்புக்குத் தனியிடம் உண்டு.

சித்த மருத்துவர் பாண்டு நோய்க்கு அயச்செந்தூரம் வழங்கிப் பயன் கண்டனர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியரான மெங்கினி குருதியைச் சாம்பலாக்கிக் காந்தத்தை அருகே பிடித்தார். அதில் துகள்கள் ஒட்டின. குருதியில் இரும்புண்டு என்பதற்கு அது சான்றாயிற்று. 1939இல் அமெரிக்க அறிஞர் விப்பிளும் துணைவரும் கதிரியக்க இரும்பை நாய்களுக்கு ஊட்டினர். குருதிச்சோகையுற்ற நாய்கள் ஏனையவற்றினும் மிகுதியாக அதனை ஏற்றமை தெரியவந்தது.

1973இல் லோற்றபர் காந்தப் புலத்தால் படம் பெறும் முறையை வெளியிட்டார். அதுவே இன்றைய எம்.ஆர்.ஐ. படமுறைக்கு அடிப்படை. இப்படத்தில் உறுப்புகளை வேறுபடுத்திக் காட்ட நுண்ணிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள் பயன்பட்டன. ஈரலுக்கான அத்தகைய மருந்தொன்று 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாளத்திற் செலுத்திய துகள்களை ஈரலிலுள்ள கூப்பர் கலங்கள் விழுங்கும். நல்ல ஈரல் படத்தில் கருமையாகும். அக்கலங்களற்ற புற்றுக்கட்டி வெண்மையாய்த் தனித்து நிற்கும். 2009இல் சோகை மருந்தாக ஒப்புதல் பெற்ற பெருமொக்சிற்றோலோ குருதியில் நெடுநேரம் தங்குவது. அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 15 மணி நேரமாகும். எனவே முதலில் குருதிக்குழாய்கள் தெளிவுறும். பின்னர் ஈரல், மண்ணீரல், என்பு மச்சை என்பன துகள்களை ஏற்கும். ஈற்றில் அவ்விரும்பு உடலின் சேமிப்பிற் கலந்து புதிய செங்குருதிக் கலங்களுக்கு உதவும். ஆகவே, எந்நேரத்தில் எடுத்த படம் என்பதை அறியாது அதன் பொருளை உரைத்தல் இயலாது.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. வழக்கமாகப் பயன்படும் கடோலினிய மருந்துகளுட் சில, சிறுநீரகம் பழுதுற்றோரின் தோலை இறுகச் செய்யும் கொடுநோயுடன் தொடர்புடையன என்பது 2006இல் வெளிப்பட்டது. அத்தகையோர்க்கு இரும்பு மாற்றுவழியாகக் கருதப்படுகின்றது. 1990களிலிருந்து வடமத்திய மாகாண உழவரை வாட்டும் சிறுநீரக நோயை அறிந்த நமக்கு இது பொருட்படுத்தத்தக்கதே. எனினும், கடும் ஒவ்வாமையால் உயிரிழப்பும் நேர்ந்தமையின், 2015இல் பெருமொக்சிற்றோலுக்குக் கடும் எச்சரிக்கை விதிக்கப்பட்டது. மருந்தின் பயனை மட்டும் போற்றாது, அது செல்லும் வழியையும் தங்கும் காலத்தையும் ஆராய்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.