தொப்புள்கொடி இறுக்கும் நேரம்: குறைமாதக் குழந்தைகள்

37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குறைமாதக் குழந்தையின் தொப்புள்கொடியை உடனே கவ்வியிட்டு இறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால், நஞ்சுக்கொடியில் எஞ்சியுள்ள குருதி குழந்தையைச் சேர்ந்து, நுரையீரல் முதன்முறை விரியும் வேளையில் இதயத்துக்கு வரும் ஓட்டம் தளராமல் காக்கிறது. 2023இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வில், உடனே இறுக்கப்பட்ட குழந்தைகளிடையே 8.2 விழுக்காடாக இருந்த மருத்துவமனை இறப்பு, தாமதித்தபோது 6 விழுக்காடாக இருந்தது. செலவே இல்லாத ஒரு செயலுக்கு இது பெரும்பலன். கொடியிலுள்ள குருதியைக் குழந்தையின் பக்கம் வழித்துவிடும் மாற்றுமுறை, 28 வாரத்துக்கு முன் பிறந்தோரிடம் கடும் மூளைக் குருதிக்கசிவை மிகுவித்தது 2019இல் தெரியவந்தது. மூச்சுத் தொடங்காத குழந்தைக்குக் காற்றூட்டுவதும் தள்ளிப்போகலாகாது என்பதால், சென்னை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனைகளில், கொடி அறுபடாமலே முதலுதவி தர, தாயின் கட்டிலருகே முகமூடியும் காற்றூட்டும் பையும் வெப்பமூட்டியும் ஆயத்தமாக இருப்பது இன்றியமையாதது.