மரப்புலியின் உறுமல்

தொழிற்சாலையில் ஒரு சக்கரம் சுழலப் பல உருளைகள் ஓடுவதை நாள்தோறும் காண்பவர்கள் நம் தோட்டத்து இளைஞர்கள். உயிரற்றதை உயிருள்ளதுபோல் இயக்கும் வித்தை முழுவதும் மேனாட்டாருடையது என்று அவர்கள் எண்ணிவிடலாகாது.

கொங்குவேளிரின் பெருங்கதையில், வீரரை உள்ளே ஒளித்த பொறியானை உதயணனைச் சிறைப்படுத்துகின்றது. சீவக சிந்தாமணியில் கருவுற்ற விசயை மயிற்பொறியேறி வானிலே தப்புகின்றாள். இவை கற்பனையே. எனினும் யாதொரு பொறியையும் கண்டறியாதவர் இப்படிப் பாடியிருப்பாரோ?

கண்ணாற் காணத்தக்கதும் ஒன்று உண்டு. புலியைத் தம் சின்னமாகக் கொண்ட மைசூர் திப்பு சுல்தானுக்காக 1790களில் செய்யப்பட்ட மரப்புலி அது. ஏறத்தாழ ஆறடி நீளம். கீழே கிடக்கும் ஐரோப்பியன் ஒருவனின் கழுத்தைக் கவ்வி நிற்கின்றது. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் காற்றை ஊதும். அவன் கை எழுந்து விழும். புலி உறுமும், அவன் ஓலமிடுவான். விலாப்புறத்தில் 18 கட்டைகளுடைய இசைக்கருவியும் உண்டு. உள்ளமைப்பில் பிரெஞ்சுக்காரர் கையும் இருக்கலாம் என்பர். மரவேலை மைசூர்த் தச்சருடையது. அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு மாண்டார்; புலி இலண்டன் சென்றது. 1815இல் கண்டி இராச்சியத்தோடு நமது சபரகமுவவும் பிரித்தானியர் வசமாயிற்று.

இலண்டனில் கம்பெனியின் நூல்நிலையத்தருகே அதை வைத்தார்கள். வருவோர் போவோரெல்லாம் கைப்பிடியைச் சுழற்றவே, படிப்பவர்கள் உறுமல் பொறுக்கமாட்டாமல் முறையிட்டார்களாம்! 1880 முதல் அது விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் இருக்கின்றது. கண்ணாடிக்குள் நிற்கும் அதன் கைப்பிடியைத் தொடப் பார்வையாளருக்கு இப்போது இடமில்லை.