வீடு வீடாகப் போன வசனம்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் எல்லைக்கு அருகே உள்ள சிற்றூர் ஹெர்ன்ஹூட். மத நெருக்கடி தாங்காமல் மொராவியாவிலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டண்ட் குடும்பங்களுக்கு சின்சென்டார்ஃப் பிரபு தம் நிலத்தில் இடம் கொடுக்க, 1722இல் அங்கே ஊர் அமைக்க முதல் மரம் வெட்டப்பட்டது. வெவ்வேறு சபைகளிலிருந்து வந்தவர்கள் என்பதால் தொடக்க ஆண்டுகளில் சண்டை ஓயவில்லை. 1727 ஆகஸ்டில் நடந்த ஒரு திருவிருந்து ஆராதனையில்தான் மனம் ஒன்றுபட்டது என்பது இவர்களிலிருந்து உருவான மொராவிய சபையார் வழிவழியாகச் சொல்வது.

அடுத்த ஆண்டு, 1728 மே 3ஆம் தேதி மாலைக் கூட்டத்தில், மறுநாள் முழுவதும் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி சின்சென்டார்ஃப் ஒரு பாடலடியைக் கொடுத்தார். அதற்கு 'லோசுங்' என்று பெயர். பாசறைக் காவலர்கள் தம்மவரை அடையாளம் காணக் கேட்கும் இரகசியச் சொல்லுக்கு ஜெர்மனில் இதுவே பெயர். அன்றிலிருந்து காலைதோறும் சகோதரர்கள் ஊரின் 32 வீடுகளுக்கும் நடந்துபோய் அன்றைய வசனத்தைச் சொன்னார்கள். போன இடத்தில் நலம் விசாரித்தார்கள். நோயும் மனத்தாங்கலும் இப்படித்தான் சபைக்குத் தெரியவந்தன. தனி அறையில் புத்தகத்தோடு உட்காரும் தியானமாக இது தொடங்கவில்லை. வாசலில் நின்று பேசிய பேச்சாகவே தொடங்கியது.

1731ஆம் ஆண்டுக்கான வசனங்கள் முன்கூட்டியே புத்தகமாக அச்சாயின. வழக்கத்தின் இயல்பையே மாற்றியது இதுதான். அன்றன்றைய நிலைமைக்கேற்ப ஒருவர் தேர்ந்து கொடுத்த வசனம், ஆண்டு முழுவதற்கும் நாளோடு கட்டப்பட்ட வசனமாகிவிட்டது. 1732 முதல் மொராவிய மிஷனரிகள் கரீபியன் தீவுகளுக்கும் கிரீன்லாந்துக்கும் கப்பலேறினார்கள். கடிதம் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும். கையில் அதே புத்தகம் இருந்தால் அன்றைய வசனத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1760இல் அச்சபையார் தரங்கம்பாடிக்கும் வந்தனர். நிக்கோபார் தீவுகளில் ஊழியம் செய்வதே அவர்கள் நோக்கம். ஏற்கெனவே தரங்கம்பாடியில் இருந்த, ஜெர்மனியின் ஹாலே நகரைச் சார்ந்த மிஷனரிகளுக்கு அவர்கள் வருகை பிடிக்கவில்லை.

வசனத்தை முடிவு செய்வது சீட்டு. முக்கியமான காரியங்களுக்கு, திருமணத்துக்குக்கூட, சீட்டுப்போட்டுக் கடவுளின் சித்தம் அறிவது ஒருகாலத்தில் இச்சபையின் வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. வசனத்துக்கு மட்டும் நிலைத்தது. பழைய ஏற்பாட்டிலிருந்து தொகுத்த சுமார் 1,800 வசனங்களில் ஒரு நாளுக்கு ஒன்றாக இன்றும் ஹெர்ன்ஹூட்டில் குலுக்கி எடுக்கிறார்கள். மொழிபெயர்க்கவும் அச்சிடவும் காலம் வேண்டும் என்பதால் மூன்றாண்டு முந்தியே எடுத்துவிடுகிறார்கள். புதிய ஏற்பாட்டு வசனத்துக்குச் சீட்டு இல்லை. விழுந்த வசனத்தோடு பொருந்துவதை ஒருவர் தேடிச் சேர்க்கிறார். கூடவே ஒரு பாடலடியோ ஜெபமோ வரும். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அந்த அட்டை எடுத்தவருக்கு மட்டும் உரியது. ஹெர்ன்ஹூட்டின் சீட்டோ எல்லாருக்கும் பொது.

இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் இப்புத்தகத்தை விடாமல் வாசித்தவர். நாஜிச் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களிலும் இவ்வசனங்களைக் குறிப்பிடுகிறார். ஆயினும் தினமொரு வசனம் வேதாகமத்தைத் தொடர்ச்சியாக வாசிப்பதற்கு ஈடாகாது என்று 1939இல் வெளியான தம் நூலில் எச்சரித்தார். இவ்வழக்கத்தின் மீது வைக்கப்படும் விமர்சனங்களில் வலுவானது இதுவே. அதுவும் அதை நேசித்தவரிடமிருந்து வந்தது.

1945 மே மாதம், போர் முடியும் தறுவாயில், ஹெர்ன்ஹூட்டின் நடுப்பகுதி தேவாலயத்தோடு தீக்கிரையானது. பிறகு ஊர் கிழக்கு ஜெர்மனிக்குள் போயிற்று. சீட்டெடுப்பு அங்கேயே தொடர்ந்தது. எல்லையின் இருபுறமும் ஒரே வசனம் வாசிக்கப்பட்டது. இன்று புத்தகம் 50க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாகிறது. முதியோருக்குப் பெரிய எழுத்துப் பதிப்பும், இறையியல் மாணவர்களுக்கு எபிரெய, கிரேக்க மூலப் பதிப்பும் உண்டு.