சாலியின் கோலிக்குண்டு

இரண்டு பொம்மைகள், ஒரு கூடை, ஒரு பெட்டி, ஒரு கோலிக்குண்டு. 1985-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வுக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது. சாலி என்ற பொம்மை கோலியைத் தன் கூடைக்குள் போட்டுவிட்டு வெளியே போகிறாள். ஆன் என்ற இன்னொரு பொம்மை அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். சாலி திரும்பி வருகிறாள். கோலியை எங்கே தேடுவாள்?

சாலி இல்லாதபோது நடந்தது சாலிக்குத் தெரியாது என்று புரிந்த குழந்தை கூடையைக் காட்டும். நான்கு வயதை ஒட்டிய 27 குழந்தைகளில் 23 பேர் கூடையைத்தான் காட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேரும் அப்படியே. ஆட்டிசம் உள்ள 20 பேரின் சராசரி வயது பன்னிரண்டை நெருங்கியிருந்தது; அவர்களில் நான்கு பேர் மட்டுமே கூடையைக் காட்டினார்கள். மற்ற 16 பேரும் கோலி உண்மையில் இருந்த இடத்தையே காட்டினார்கள். அவர்களுக்கு மறதி இல்லை, கதையும் புரியாமல் போகவில்லை. கோலி முதலில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டபோது எல்லாக் குழந்தைகளும் சரியாகவே பதில் சொன்னார்கள்.

இந்தக் கேள்வியின் வேர் ஒரு சிம்பன்ஸியிடம் இருக்கிறது. கைக்கெட்டாத வாழைப்பழத்துக்காகத் தவிக்கும் மனிதரை வீடியோவில் பார்த்துவிட்டு, அவருக்கு வழிகாட்டும் படத்தைச் சாரா என்ற சிம்பன்ஸி தேர்ந்தெடுத்தது. பிறர் மனதில் இருப்பதை அது ஊகிக்கிறதா என்று டேவிட் பிரிமாக்கும் கை வுட்ரஃபும் 1978-இல் கேட்டார்கள். ஒருவர் தப்பாக நம்பிக்கொண்டிருப்பதைப் புரிந்துகொண்டால்தான் அதற்குச் சரியான சான்று கிடைக்கும் என்று தத்துவவாதிகள் மறுத்துச் சொன்னார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த விம்மரும் பெர்னரும் 1983-இல் அந்த யோசனையைக் குழந்தைகளிடம் கொண்டுபோனார்கள். மாக்ஸி என்ற சிறுவன் ஓர் அலமாரியில் வைத்த சாக்லெட்டை அம்மா வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள் என்பது அவர்கள் சொன்ன கதை. அதைச் சுருக்கி, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் முன் வைத்தவர்கள் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ஆகிய மூவர்.

அந்த ஆய்வின் மதிப்பை உணர, அதற்கு முந்தைய காலத்தைப் பார்க்க வேண்டும். பால்டிமோரில் லியோ கான்னர் 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகு, பழி மெல்ல மெல்லத் தாய்மார்கள் மீது விழுந்தது. அன்பில்லாத தாயால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்ற பேச்சுக்கு, 1967-இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் வலுச் சேர்த்தது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-லேயே அதை எதிர்த்து எழுதியிருந்தார். ஆனாலும் எத்தனையோ தாய்மார்கள் அந்தக் குற்றச்சாட்டைச் சுமந்தபடியே முதுமை அடைந்தார்கள். குழந்தை எப்படிச் சிந்திக்கிறது என்பதைப் பொறுமையாகக் கேட்கும் ஆய்வுகள் வந்தது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். சாலி-ஆன் சோதனை அந்த வரிசையில் வந்தது.

ஆனால் அதன் முடிவு, ஆய்வுக்கூடத்தைத் தாண்டியதும் சுருங்கிவிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் தெரியாது என்ற ஒரே வாக்கியமாக அது பரவியது. 1995-இல் பேரன்-கோஹன் எழுதிய நூலின் தலைப்பே மனக்குருட்டைத்தான் குறித்தது. கூடையைச் சரியாகக் காட்டிய அந்த நான்கு குழந்தைகளைப் பற்றிப் பொதுவெளியில் யாரும் அதிகம் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். இவர்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதுதான் மிகவும் பயனுள்ள கேள்வி.

அதற்கான விடை துண்டு துண்டாக வந்தது. 1992-இல் லெஸ்லியும் லைலா தைஸும் உடனே படம் கக்கும் போலராய்டு கேமராவைப் பயன்படுத்தினார்கள். ஒரு பொருளைப் படம் எடுத்துவிட்டு அதை வேறு இடத்துக்கு மாற்றினால், படத்தில் அது எங்கே இருக்கும்? ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இதற்குத் தடுமாறாமல் பதில் சொன்னார்கள். பழைய நிலையைக் காட்டும் படம் அவர்களுக்குச் சிக்கலாக இல்லை. பழைய நிலையை நம்பும் மனிதர்தான் புதிராக இருந்தார்.

மொழி இன்னொரு துண்டு. பிரான்செஸ்கா ஹாப்பே 1995-இல் பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார். மற்றக் குழந்தைகள் நான்கு வயதுக்குரிய மொழித்திறனோடு இந்தச் சோதனையைத் தாண்டிவிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பாதிப் பேர் தாண்ட ஒன்பது வயதுக்குரிய மொழித்திறன் தேவைப்பட்டது. ஆகவே கதவு மூடப்படவில்லை. அவர்கள் சொற்களின் வழியே, யோசித்து யோசித்து, நீண்ட பாதையில் அங்கே வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கேன்டிடா பீட்டர்சனும் மைக்கேல் சீகலும் ஆட்டிசமே இல்லாத, காது கேளாத குழந்தைகளிடம் இதே தாமதத்தைக் கண்டார்கள். சைகை மொழி தெரியாத வீட்டில் வளரும் குழந்தைக்கு, யார் என்ன நினைக்கிறார்கள் என்ற பேச்சே காதிலோ கண்ணிலோ விழுவதில்லை. சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் உரிய வயதில் தேறியதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

தொண்ணூறுகளில் இதைக் கற்பிக்கவும் முயன்றார்கள். படக்கதையில் வருவது போலப் பொம்மையின் தலைக்குள் ஒரு படம் இருப்பதாகக் காட்டிப் பழக்கினார்கள். பல குழந்தைகள் சோதனையில் தேறினார்கள், ஆனால் அன்றாடப் பேச்சில் அது அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. இந்தப் புரிதல் வளரும் வரிசையும் வேறாக இருந்தது. 2005-இல் பீட்டர்சனும் சக ஆய்வாளர்களும் ஐந்து படிகளை வைத்துச் சோதித்தார்கள். முகத்தில் காட்டாமல் ஒருவர் மறைக்கும் வருத்தத்தைப் புரிந்துகொள்வது மற்றக் குழந்தைகளுக்குக் கடைசிப் படி. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதை முன்பே எட்டினார்கள். தப்பான நம்பிக்கைதான் அவர்களுக்குக் கடைசியில் வந்தது.

2012-இல் கேள்வியையே திருப்பிப் போட்டவர், தாமும் ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன். புரியாமை இருபக்கமும் உண்டு என்றார் அவர்: ஆட்டிசம் உள்ளவர்களின் மனதை மற்றவர்களும்தான் படிக்கத் தவறுகிறார்கள். 2020-இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு கதையை எட்டுப் பேர் கொண்ட வரிசைகளில் வாய்வழியே கடத்திப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில், அது இல்லாதவர்களின் வரிசையில் இருந்த அளவுக்கே கதை நிலைத்தது. இரு தரப்பினரும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் வேகமாக உதிர்ந்தன. 300-க்கும் மேற்பட்டோரை வைத்து அதே குழுவினர் 2025-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த இடைவெளியும் தென்படவில்லை. மூன்று வகை வரிசைகளிலும் கதை ஒரே அளவில் போய்ச் சேர்ந்தது.