கைநாட்டு முதல் கைப்பேசி வரை

மாதம் முடிந்தால் சம்பளம் வரும் என்பது நம் காலனிக் குழந்தைகளும் அறிந்த செய்தி. அச்சம்பளம் முன்னாளில் எவ்வழி வந்தது, பின்னர் எவ்வாறு வடிவு மாறிற்று என்று எண்ணிப் பார்ப்பார் சிலரே. இரயில்வேயை நம்பித் தாயகம் விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு இது வெறும் அலுவலகக் கதையன்று; நம் வீட்டு அடுப்பெரிந்த கதையாகும்.

ஊதியம் வழங்கல் சட்டம் 1936-இல் இயற்றப்பெற்று, 1937 மார்ச் 28-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைந்தோர் பணிபுரியும் இடங்களில் ஏழாம் நாளுக்குள்ளும், ஏனைய இடங்களில் பத்தாம் நாளுக்குள்ளும் ஊதியம் கொடுத்துவிடல் வேண்டியிருந்தது. அதனை நாணயமாகவோ நோட்டாகவோ கொடுத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இரயில்வேயும் அதற்கு உட்பட்டிருந்தது.

அந்நாளில் பணி முழுதும் காகிதத்திலேயே நடந்தது. மஸ்டரில் குறித்த வருகை நாட்களை எண்ணிக் குமாஸ்தா பே பில் எழுதுவார். கணக்குப் பிரிவினர் அதனைச் சரிபார்த்துத் தொகையை அனுமதிப்பர். 1957 ஏப்ரல் முதல் நாள் புதுக்காசு வரும்வரை, ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று கூட்டிக் கழித்தாக வேண்டும். ஒரு பை பிசகினாலும் பக்கம் முழுதும் மறுபடி கூட்ட நேரும்.

பின்னர்ப் பே கிளார்க் இரும்புப் பெட்டியுடனும் காவலருடனும் வண்டியேறி நிலையம் நிலையமாகப் பட்டுவாடா செய்து வருவார். எழுத்தறியாத கேங்மேன் மையில் பெருவிரல் தோய்த்துக் கைநாட்டு இடுவார். “இவர்தாம் அவர்” என்று அடையாளம் காட்ட மேற்பார்வையாளர் ஒருவர் அருகில் நிற்பார். தொகை குறைந்தால் அங்கேயே வாய்விட்டுக் கேட்கலாம். எனினும், வாங்கிய பணம் வீடு சேரும் முன்பே வட்டிக்கு விட்ட ஈட்டிக்காரர் வழிமறித்துப் பறித்துச் சென்ற கொடுமையும் உண்டு. ஆகவே அக்காலத்தை முற்றும் பொற்காலம் என்று புகழ நாம் துணியோம்.

1960-களில் ஐ.பி.எம். 1401 என்னும் கணினிகள் இரயில்வேக்கு வந்தன. சம்பளக் கணக்கு துளையிட்ட அட்டைகளுக்கு மாறிற்று. அட்டை ஒன்றில் எண்பது எழுத்துகளுக்கே இடம். 1976-இல் சட்டம் திருத்தப்பெற்று, தொழிலாளி எழுத்து மூலம் இசைந்தால் காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ ஊதியம் தரலாம் என்றாயிற்று. 1986-இல் இரயில்வேயின் கணினிப் பணிகளுக்கென ‘கிரிஸ்’ என்னும் நிறுவனம் அமைந்தது. 2005-இல் ரிசர்வ் வங்கி ‘நெஃப்ட்’ முறையைத் தொடங்கியபின், வங்கிக்கு வங்கி பணம் அனுப்புதல் எளிதாயிற்று. 2017-இன் திருத்தச் சட்டத்திற்குப் பின், வங்கி வழியே ஊதியம் தருவதற்குத் தொழிலாளியின் எழுத்து மூலமான இசைவும் வேண்டுவதில்லை. இன்று இரயில்வேயின் சம்பளக் கணக்கு ‘ஐபாஸ்’ என்னும் இணையமைப்பில் நடைபெறுகிறது. ஊர் செல்வதற்கான பாஸும் 2020 முதல் ‘எச்.ஆர்.எம்.எஸ்.’ வழியே கைப்பேசிக்கு வருகிறது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. பணப்பெட்டிக்குக் காவல் வேண்டா. பணம் நேரே கணக்கில் சேர்கிறது. சம்பளச் சீட்டை இல்லத்தரசியும் காணலாம். ஆயினும் தமிழராகிய நாம் விழித்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. பணிப் பதிவேட்டில் ‘கே. முருகன்’ என்றிருப்பவர், வங்கியில் ‘முருகன் கருப்பையா’ ஆகிறார். ஆதார் அட்டையிலோ ‘கருப்பையா முருகன்’ ஆகிறார். மூவரும் ஒருவரே என்பதை நாம் அறிவோம், கணினி அறியாது.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், தலைவர் காலமானபின் மனைவியின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்துடனும் மற்றோரிடத்தில் கணவர் பெயருடனும் இருந்தமையால், குடும்ப ஓய்வூதியம் பல மாதம் தடைப்பட்டது. துயரத்தில் இருந்த அவ்வம்மையார் சான்றிதழ்களைச் சுமந்து படிப்படியாக ஏறி இறங்கினார். அன்றைய சாளரத்தின் முன் மேற்பார்வையாளர் கூறும் ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். இன்று அச்சொல் செல்லாது.

ஆகவே, அன்பர்களே! இம்மலரைப் படித்து முடித்ததும் பணிப் பதிவேடு, வங்கிப் புத்தகம், ஆதார் அட்டை, வாரிசு நியமனம் ஆகிய நான்கிலும் பெயரும் பிறந்த நாளும் ஒத்துள்ளனவா என்று பாருங்கள். பணியில் உள்ளபோதே திருத்திக் கொள்ளுங்கள். எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கும் பார்த்துச் சொல்லுங்கள். எம் போன்ற குமாஸ்தாக்கள் ஓய்வு நேரத்தில் உதவக் காத்திருக்கிறோம். “இவர்தாம் அவர்” என்று அருகில் நின்று சொன்ன மேற்பார்வையாளரின் கடமை இன்று நம் சங்கத்தின் கடமையாகிவிட்டது.