வைகறையும் வைகுந்நேரமும்

திருவனந்தபுரத்தில் குடியேறிய நாம் முதலில் இடறுவது பொழுதுச் சொற்களில்தான். மலையாளத்தில் ‘ராவிலெ’ என்றால் காலையில். நம் பேச்சுவழக்கில் ‘ராவிலே’ என்பது இரவில். காலையில் வரச் சொன்னவர் வீட்டுக் கதவை இரவில் தட்டினால் பிழை யாருடையது?

இதனினும் வியப்பு, ‘வைகுந்நேரம்’. மலையாளத்தில் அது மாலைப்பொழுது. தொல்காப்பியம் மருதத்திற்கு உரித்தாக்கிய வைகறையோ விடியலுக்கு முந்தியது. வேர் ஒன்றே: வைகுதல், அதாவது தங்குதல். தங்கிய இரவு அறும் வேளையைத் தமிழ் வைகறை என்றது. மலையாளத்தில் அவ்வினை தாமதத்தைக் குறித்து, பகல் தாழும் வேளைக்குப் பெயராயிற்று எனக் கொள்ளலாம்.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை முதலிய தென்வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இந்நகரிலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் மலையாளம் பயின்றே வளர்கின்றனர். தமிழ்ப் பாடலில் வைகறை வரும்போது, ‘அந்தி அன்று, விடியற்காலம்’ என்று நாம் அருகிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.